பதவி மோகம் அல்ல, பாதை மாற்றம்: மில்லெரான் என்ற வழக்கறிஞரின் அரசியல் வாழ்வு

சென்ற மாதம் கட்சிக் கல்வி வகுப்பொன்றில் லெனினுடைய ‘என்ன செய்ய வேண்டும்?’ நூலின் முதல் அத்தியாயத்தைத் தோழர்கள் கூட்டாகப் படித்துக்கொண்டிருந்தனர். மில்லெரான் என்ற பெயர் வந்த இடத்தில், ரயில்வேயில் பணியாற்றும் இளம் தோழர் ஒருவர் படிப்பதை நிறுத்தி, “இவர் யார், தோழர்?” என்று கேட்டார். “பிரான்சில் சோசலிஸ்டாக இருந்து, மந்திரி பதவிக்காக விலைபோனவர்” என்று சட்டென்று விடையளித்தேன். அவர் விடவில்லை. “ஒரு பதவி ஆசைக்காரரைப் பற்றியா லெனினும் ரோசா லக்சம்பர்க்கும் இத்தனை தூரம் எழுதினார்கள்?” என்றார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய கோப்புகளைப் புரட்டினேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, கல்வி வகுப்புக்கான சிறு பிரசுரம் ஒன்றை மொழிபெயர்த்தபோது, ‘மில்லெரானிசம்’ என்ற சொல்லுக்கு நான் இட்ட தமிழ் ‘பதவி மோகம்’. வாசகருக்கு எளிதில் விளங்கட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறேன். எளிதில் விளங்கியதும் உண்மைதான். ஆனால் விளங்கியது வேறொன்று. செய்தவன் பெயர் செயலுக்கு ஆகிவருவதைக் கருத்தாவாகுபெயர் என்று இலக்கணம் சொல்லும். அவ்வாறு ஒரு மனிதரின் பெயர் அரசியற் சொல்லாக மாறும்போது, சுட்டப்படுவது அவருடைய குணக்கேடு அன்று; அவர் நடந்த பாதை. அந்தப் பாதையை மறைத்துக் குணத்தை மட்டும் காட்டியது என் மொழிபெயர்ப்பின் பிழை. அப்பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

வேலைநிறுத்தக்காரர்களின் வழக்கறிஞர்

அலெக்சாந்தர் மில்லெரான் 1859 பிப்ரவரி 10 அன்று பாரிசில், சிறு வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சட்டம் பயின்று பாரிஸ் வழக்குமன்றத்தில் தொழில் தொடங்கினார். அவருக்குப் பெயர் தேடித் தந்தவை செல்வந்தரின் சொத்து வழக்குகள் அல்ல, தொழிலாளர் வழக்குகள். 1886இல் தெக்காஸ்வில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பிரான்சையே உலுக்கியது. அதற்குத் துணைநின்றதற்காகக் கைதுசெய்யப்பட்ட எர்னஸ்ட் ரோஷ், துய்க்-கெர்சி என்ற இரு பத்திரிகையாளர்களுக்காக வாதாடியவர்களில் மில்லெரானும் ஒருவர்.

1891 மே தினத்தன்று வடபிரான்சின் ஃபூர்மி என்ற நெசவாலை நகரில், எட்டு மணி நேர வேலைநாள் கேட்டு ஊர்வலம் வந்தவர்கள்மீது இராணுவம் சுட்டது. 9 பேர் மாண்டனர். அவர்களுள் இளம்பெண்களும் சிறுவர்களும் இருந்தனர். சுட்டவர்களை விட்டுவிட்டு, வன்முறையைத் தூண்டியதாக மார்க்சின் மருமகனான பால் லஃபார்க்மீது வழக்குத் தொடுத்தது அரசு. நீதிமன்றத்தில் லஃபார்க்குக்காக நின்றவர் மில்லெரான். லஃபார்க் தண்டிக்கப்பட்டார், சிறையில் இருந்தபடியே லீல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1884இல் பாரிஸ் நகர மன்றத்துக்கும் 1885இல் நாடாளுமன்றத்துக்கும் சென்ற மில்லெரான், முதலில் கிளெமான்சோவைச் சூழ்ந்திருந்த தீவிர ஜனநாயகவாதிகளோடு நின்றார். தொழிலாளர் வழக்குகள் அவரைச் சோசலிசத்தின் பக்கம் கொண்டுவந்தன. 1893 தேர்தலில் சுமார் 50 சோசலிஸ்டுகள் நாடாளுமன்றத்தில் நுழைந்தபோது, அந்தக் குழுவின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக அவர் விளங்கினார். அவர் பிறவித் துரோகி அல்லர் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம். ஃபூர்மியின் பிணங்களுக்கு நியாயம் கேட்டு நின்றவர் அவர்.

1896 மே 30 அன்று பாரிசை அடுத்த செயின்ட் மாந்தேயில், நகராட்சித் தேர்தல் வெற்றிகளைக் கொண்டாடும் விருந்தில் அவர் ஆற்றிய உரை பிரெஞ்சு சோசலிசத்தின் பொதுத் திட்டமாகவே கொள்ளப்பட்டது. பெரும் உற்பத்திச் சாதனங்களைப் படிப்படியாகச் சமூக உடைமையாக்குவது, வாக்குரிமை வழியே அரசதிகாரத்தைக் கைப்பற்றுவது, தாய்நாட்டுப் பற்றைக் கைவிடாமலே சர்வதேசத் தொழிலாளர் ஒற்றுமையைப் பேணுவது ஆகிய மூன்றும் அதன் தூண்கள். ஜோரேஸ் மட்டுமின்றி, மார்க்சியவாதியான கெட்டும் அந்த விருந்தில் இருந்தார், அன்று மறுக்கவில்லை. படிப்படியாக என்ற சொல்லுக்குள் யாருடைய அரசு, எந்த வர்க்கத்தின் அரசு என்ற கேள்வி அடங்கிப்போயிருந்ததை மூன்றாண்டுகள் கழித்தே எல்லோரும் உணர்ந்தார்கள்.

கலிஃபேயின் பக்கத்து நாற்காலி

1899இல் பிரெஞ்சுக் குடியரசு உண்மையான நெருக்கடியில் இருந்தது. திரெஃபூஸ் என்ற யூத அதிகாரியைப் பொய்க்குற்றம் சாட்டிச் சிறையிட்ட வழக்கு நாட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. முடியாட்சிவாதிகளும் யூத வெறுப்பாளர்களும் இராணுவத் தலைமையும் ஒருபுறம் அணிதிரண்டனர். பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் இறுதி ஊர்வல நாளில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி ஒன்று நடந்தது. ஜூனில் புதிய குடியரசுத் தலைவர் குதிரைப்பந்தயத் திடலில் தாக்கப்பட்டார். இந்நிலையில், குடியரசைக் காக்கும் அமைச்சரவை என்ற பெயரில் வால்தெக்-ரூசோ என்னும் மற்றொரு வழக்கறிஞர் ஜூன் 22 அன்று ஆட்சி அமைத்தார். அதில் மில்லெரான் வணிகம், தொழில், அஞ்சல் துறை அமைச்சரானார். அவரோடு போர்த்துறை அமைச்சராக அமர்ந்தவர் ஜெனரல் கலிஃபே. 1871இல் பாரிஸ் கம்யூனை இரத்தத்தில் மூழ்கடித்தவர்களுள் முதன்மையானவர். கைதிகளை வரிசையிலிருந்து பொறுக்கியெடுத்துச் சுடச்செய்தவர்.

கம்யூனில் பங்கேற்று நாடுகடந்து வாழ்ந்து திரும்பிய வையான் போன்றோருக்கு இச்செய்தி என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு தம் தோழர்களைச் சுட்டவரும் தம் குழுவைச் சேர்ந்த தோழரும் ஒரே மேசையில்! அவர்கள் நாடாளுமன்றக் குழுவிலிருந்து வெளியேறினர். கெட், லஃபார்க், வையான் ஆகியோர் கூட்டாக அறிக்கை வெளியிட்டனர். ஜோரேசோ, குடியரசைக் காப்பது பாட்டாளி வர்க்கத்தின் கடமை என்று கூறி மில்லெரானை ஆதரித்தார்.

ஜோரேசின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பிற்போக்கின் தாக்குதலிலிருந்து ஜனநாயகத்தைக் காக்கும் அணியில் தொழிலாளி வர்க்கம் நிற்க வேண்டும் என்பதில் ரோசா லக்சம்பர்க்கும் உடன்பட்டவரே. அவருடைய கேள்வி வேறு: குடியரசைக் காக்க அமைச்சரவைக்குள் ஓர் இருக்கை வேண்டுமா, அல்லது அமைச்சரவைக்கு வெளியே விழிப்புடன் நிற்கும் ஒரு வர்க்கம் வேண்டுமா? உள்ளே சென்ற சோசலிஸ்ட், அரசின் எல்லாச் செயல்களுக்கும் பொறுப்பாளியாகிறார்; வெளியே இருக்கும் கட்சியோ, தன் அமைச்சரைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து நடந்தன.

சீர்திருத்தங்கள் பொய்யல்ல

மில்லெரான் அமைச்சரவையில் சும்மா இருக்கவில்லை. 1899 ஆகஸ்டில் வெளியான ஆணைகள், அரசு ஒப்பந்த வேலைகளில் கூலிக்கும் வேலைநேரத்துக்கும் வார ஓய்வுக்கும் நிபந்தனை விதித்தன. தொழிலாளர் உயர் ஆலோசனைக் குழுவில் தொழிற்சங்கங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இடம்பெற்றனர். 1900 மார்ச் 30 சட்டம், ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் சேர்ந்து உழைக்கும் ஆலைகளில் வேலைநாளை 11 மணி நேரமாக்கி, நான்காண்டுகளில் படிப்படியாக 10 மணி நேரமாகக் குறைக்க வழிசெய்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் நின்று உழைத்த நெசவாலைத் தொழிலாளிக்கு இது சிறிய செய்தியன்று. இவற்றை ஏளனம் செய்பவர் தொழிற்சங்கத்தில் ஒரு நாளும் வேலை செய்யாதவராகவே இருப்பார்.

எனினும் அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1892 சட்டப்படி 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் வேலைநேரம் 10 மணியாக இருந்தது. அனைவருக்கும் ஒரே அளவு என்ற பெயரில், புதிய சட்டம் அதை உடனடியாக 11 மணியாக உயர்த்தியது. பெரியவர்களின் ஒரு மணி நேரக் குறைப்புக்குக் குழந்தைகளின் ஒரு மணி நேரம் ஈடாக வைக்கப்பட்டது. முதலாளிகளும் அரசும் தொழிலாளரும் ஒரு மேசையில் அமர்ந்து செய்துகொண்ட சமரசத்தில், மேசையில் இடமில்லாதவர் விலை கொடுத்தார்.

மில்லெரானின் நோக்கை இன்னும் தெளிவாகக் காட்டுவது அவர் 1900 நவம்பரில் கொண்டுவந்த மசோதா. வேலைநிறுத்தம் செய்யலாமா கூடாதா என்பதை வாக்கெடுப்பால் முடிவுசெய்து, தகராறுகளைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு விடுவது அதன் சாரம். முதலாளிகளும் எதிர்த்தனர், தொழிற்சங்கங்களும் எதிர்த்தன, அது சட்டமாகவில்லை. இங்கேதான் வழக்கறிஞரின் தொழிற்பழக்கம் அரசியலாக மாறியதைக் காண்கிறோம். வழக்குமன்றத்தில் இரு தரப்புகள் உண்டு; அவற்றுக்கு மேலே நடுநிலையான ஒருவர் உண்டு; நியாயமான தீர்வு ஒன்று உண்டு. மூலதனமும் உழைப்பும் இரு கட்சிக்காரர்கள் என்றும், அரசே நீதிபதி என்றும் மில்லெரான் நம்பினார். ஆனால் அந்த நீதிபதி ஒரு தரப்பின் வீட்டுப் பிள்ளை என்பதே மார்க்சியம் கற்றுத்தரும் அரிச்சுவடி.

அவர் அமைச்சராக இருந்தபோதே அது மெய்ப்பட்டது. 1900 பிப்ரவரியில் மார்த்தினிக் தீவின் லெ ஃபிரான்சுவா என்ற இடத்தில் கரும்புத் தொழிலாளர்கள்மீதும், ஜூனில் ஷாலோன் நகரில் வேலைநிறுத்தக்காரர்கள்மீதும் துப்பாக்கிச்சூடு நடந்தது, தொழிலாளர் மாண்டனர். ஒன்பதாண்டுகளுக்கு முன் ஃபூர்மி வழக்கில் வாதாடியவர், இப்போது சுட்ட அரசின் அமைச்சர். பதவி விலகவில்லை.

வழக்கறிஞர் தொழிலே காரணம் என்று நான் சொல்லவில்லை. ரோபஸ்பியர் வழக்கறிஞர்; லெனினும் சட்டம் படித்து வழக்காடியவரே. நம் இயக்கத்தின் தலைவர்களிலும் கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் பலர். கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் பொறுப்பானவர் என்பது அத்தொழிலின் முதல் நெறி. மில்லெரான் கைவிட்டது அந்த நெறியைத்தான்.

ரப்பர் தீர்மானம்

1900 செப்டம்பரில் இரண்டாம் அகிலம் பாரிசில் கூடியது. முதலாளித்துவ அரசில் தனியொரு சோசலிஸ்ட் நுழைவது அதிகாரத்தைக் கைப்பற்றுவதன் இயல்பான தொடக்கம் ஆகாது. அது நிர்ப்பந்தத்தால் நேரும் தற்காலிக, விதிவிலக்கான வழியாக மட்டுமே இருக்க முடியும் என்று காவுட்ஸ்கி எழுதிய தீர்மானம் கூறியது. அத்தகைய வழி கொள்கைப் பிரச்சினை அல்ல, செயல்தந்திரப் பிரச்சினை என்றும் சொன்னது. எப்பக்கமும் இழுக்கலாம் என்பதால் அது ‘ரப்பர் தீர்மானம்’ என்று கேலிப்பெயர் பெற்றது.

கேலி நியாயமானதே. ஆனால் அந்த ரப்பருக்குள்ளும் ஒரு எலும்பு இருந்தது. கட்சியின் பெரும்பான்மை ஒப்புதல் தர வேண்டும், அமைச்சர் கட்சியின் பிரதிநிதியாகவே நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனை அது. மில்லெரான் அமைச்சரானது கட்சியின் முடிவால் அன்று, தனிமனிதராகச் சென்றார். போன பின்னரே காங்கிரசுகள் கூடி விவாதித்தன. நடந்து முடிந்ததற்கு விளக்கம் தேடும் நிலைக்குக் கட்சி தள்ளப்பட்டது. என்னைக் கேட்டால், மில்லெரானிசத்தின் உயிர்நிலை இங்குதான் உள்ளது. நாற்காலியில் அமர்ந்தது அதன் பாதி. யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லாமல் அமர்ந்தது மறுபாதி.

ஜோரேசின் வாழ்வை அருகில் வைத்தால் இது துலங்கும். அமைச்சரவைப் பங்கேற்பை ஜோரேசும் ஆதரித்தார். 1903 போர்தோ காங்கிரசில் மில்லெரானை வெளியேற்றவிடாமல் காத்தவரும் அவரே. ஆனால் 1904இல் ஆம்ஸ்டர்டாம் காங்கிரஸ் அந்தப் பாதையைக் கண்டித்தபோது, மாறுபட்ட கருத்தோடும் அகிலத்தின் முடிவுக்குக் கட்டுப்பட்டார். 1905இல் பிரெஞ்சு சோசலிஸ்டுகள் ஒரே கட்சியாயினர். 1914 ஜூலை 31 அன்று போரைத் தடுக்கப் போராடியபடியே சுட்டுக் கொல்லப்பட்டார். மில்லெரான் 1904 ஜனவரியிலேயே கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். ஒரே தவறைச் செய்த இருவரில், கூட்டு முடிவுக்குத் தலைவணங்கியவர் மக்களின் தலைவரானார். மற்றவர் அரசின் தலைவரானார்.

எலிசே மாளிகை வரை

அதன் பிறகு அவர் சென்ற வேகம் வியப்பூட்டுவது. 1909இல் பிரியான் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை. பிரியானும் வழக்கறிஞர், ஒரு காலத்தில் பொது வேலைநிறுத்தத்தின் பிரசாரகர். 1910 அக்டோபரில் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களை இராணுவப் பணிக்கு அழைத்து ஆணையிட்டு அதை முறியடித்தது அந்த அரசு. 1912இல் மில்லெரான் போர்த்துறை அமைச்சர். பாரிஸ் வீதிகளில் இராணுவ இசை அணிவகுப்புகளை மீண்டும் தொடங்கிவைத்தார். திரெஃபூசைக் கைதுசெய்த அதிகாரியான து பத்தி தெ கிளாமை மீண்டும் படைப் பட்டியலில் சேர்த்ததால் எழுந்த கண்டனத்தில் 1913 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது. திரெஃபூசுக்கு நீதி கேட்கும் அணியைக் காரணங்காட்டி அமைச்சரவைக்குள் சென்றவர், திரெஃபூசைச் சிறையிட்டவருக்கு மரியாதை செய்து வெளியே வந்தார்!

1914 ஆகஸ்ட் முதல் 1915 அக்டோபர் வரை மீண்டும் போர்த்துறை. 1919 நவம்பர் தேர்தலில் வலதுசாரித் தேசியக் கூட்டணியின் தலைவர். வாயில் கத்தி கவ்விய போல்ஷ்விக்கின் படத்தைச் சுவரெங்கும் ஒட்டி வாக்குக் கேட்ட தேர்தல் அது. 1920 ஜனவரியில் பிரதமர். மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை ஒடுக்கிப் பல ஆயிரம் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கினார். தொழிற்சங்கச் சம்மேளனத்தைக் கலைக்க வழக்குத் தொடுத்தார். ஜூலையில் அவருடைய அரசின் படை மைசலூன் போரில் சிரிய தேசியவாதிகளை வென்று டமாஸ்கசைக் கைப்பற்றியது. ஆகஸ்டில், சோவியத் ருஷ்யாவுக்கு எதிராகப் போரிட்ட வெண்படைத் தளபதி விராங்கலின் ஆட்சியை அங்கீகரித்தார். செப்டம்பரில் குடியரசுத் தலைவராகி எலிசே மாளிகைக்குள் நுழைந்தார். மூன்று மாதங்கள் கழித்து, தூர் நகரில் கூடிய காங்கிரசில் பிரெஞ்சு சோசலிஸ்டுகளின் பெரும்பான்மை மூன்றாம் அகிலத்தில் இணைந்து கம்யூனிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தது.

குடியரசுத் தலைவரின் அதிகாரத்தைப் பெருக்க வேண்டும் என்று 1923 அக்டோபரில் எவ்ரே நகரில் வெளிப்படையாகவே பேசினார். 1924 மே தேர்தலில் இடதுசாரிக் கூட்டணி வென்றது. அவர் கீழ் ஆட்சி அமைக்க மறுத்தது. ஜூன் 11 அன்று பதவி விலகினார். 1899இல் எந்தக் குடியரசைக் காக்கச் சென்றாரோ, அந்தக் குடியரசின் பிரதிநிதிகளே அவரை வெளியேற்றினர். 1943இல் வெர்சாயில் காலமானார்.

நமக்கு உள்ள பாடம்

இதைப் படிக்கும் சில தோழர்கள், அமைச்சரவைப் பக்கமே போகக்கூடாது என்ற முடிவுக்கு வரக்கூடும். வரலாறு அவ்வளவு எளிதன்று. 1936இல் பிரான்சில் மக்கள் முன்னணி வென்றபோது, கம்யூனிஸ்ட் கட்சி அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரித்தது. ஆலைகளைக் கைப்பற்றிய தொழிலாளரின் எழுச்சியே 40 மணி நேர வாரத்தையும் ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் பெற்றுத் தந்தது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று, அந்த அரசின் கொடி பறந்த புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாரிசில் நட்பான அரசு இருந்தும் குண்டு பாய்ந்தது. தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் தொழிலாளர் பின்வாங்காமல் நின்றதாலேயே, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைநாள் புதுச்சேரிக்கு வந்தது. நட்பான அரசு கதவைத் திறக்கலாம். தட்டும் கை வெளியே இருந்தாக வேண்டும்.

நம் நாட்டிலும் 1996இல் இதே கேள்வி எழுந்தது. மத்தியில் ஐக்கிய முன்னணி அரசு அமைந்தபோது இடதுசாரிக் கட்சிகளில் ஒன்று அதில் பங்கேற்றது. மற்றொன்று, பிரதமர் பதவியே தேடி வந்தும், வெளியில் நின்றது. எது சரி என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. முடிய வேண்டியதும் இல்லை. ஆனால் இரு கட்சிகளிலும் முடிவெடுத்தது அமைப்பு. எந்தத் தோழரும் தனியாகப் புறப்பட்டுப் போய்ப் பதவியேற்றுவிட்டு, பிறகு விளக்கம் சொல்லவில்லை. மில்லெரானின் நிழல் நம்மீது படாததற்கு அதுவே காரணம். மாறாக, 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தின் தலைவராக விளங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ், கால் நூற்றாண்டில் பாஜக தலைமையிலான அரசின் பாதுகாப்பு அமைச்சராக இருந்ததை நாம் கண்டோம். அவரையும் பதவி ஆசை என்ற ஒரு சொல்லால் முடித்துவிட்டு நகர்ந்தோம். எந்தப் பாதை அவரை அங்கே கொண்டுசேர்த்தது என்று எத்தனை வகுப்புகளில் விவாதித்தோம்?

பதவி மோகம் என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. அது பிறருடைய நோய், நமக்கு வராது. பாதை மாற்றம் என்று சொன்னால் அந்த நிம்மதி போய்விடும். ஊராட்சி மன்ற உறுப்பினர் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் வரை, தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தை மேசையில் அமரும் ஒவ்வொருவரும், ‘நான் யாருக்குக் கணக்குச் சொல்கிறேன்?’ என்று நாள்தோறும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். கட்சிக் கிளையும், ‘நம் பிரதிநிதியைக் காப்பாற்றுவதற்காக எதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம்?’ என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிடக் கடினமானது.

அந்தப் பிரசுரம் மறுபதிப்புக்கு வருமானால், ‘பதவி மோகம்’ என்பதை அடித்துவிட்டு ‘அமைச்சரவைவாதம்’ என்று எழுதுவேன். சொல் சற்றுக் கரடுமுரடாகவே இருக்கிறது. வகுப்பில் யாராவது நிறுத்தி, அதற்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த ரயில்வே தோழருக்கு அன்று சொல்லாமல் விட்ட விடையை அப்போது முழுமையாகச் சொல்லலாம்: மில்லெரான் 1899இல் ஒரே நாளில் விலைபோகவில்லை, தோழர். 1910இலும் 1920இலும் உம்மைப் போன்ற ரயில்வே தொழிலாளர்களை ஒடுக்கிய அரசுகளில் அவர் அமர்ந்திருந்தார் என்றால், அங்கே செல்லும் வழி, அவரைக் கணக்குக் கேட்க யாரும் இல்லாத அந்த முதல் நாளில் தொடங்கியது.